கம்பி வழியாக வந்த கெட்டிமேளம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கிள்ளானிலிருந்து போனில் கூப்பிட்டபோது, "சரி சரி, வைக்கிறேன்" என்று பாதியிலேயே வைத்துவிட்டேன். அதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான். நீ அதை மனதில் வைத்துக் குமைந்து, புதன்கிழமை உன் பெண்சாதியை, அதுவும் பிள்ளைத்தாய்ச்சியை, ரயிலேற்றி இங்கே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குத் தூது அனுப்பியிருக்கிறாய். உனக்கு எப்போதுதான் புத்தி வரப்போகிறதோ. அவள் பாவம், வந்து உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடிக்காமலே ஆறவிட்டாள். அப்புறம், "அத்தை, கல்யாணத்தன்னிக்கு நேரத்தை ஒழுங்கா சொல்லாததுக்கு இன்னும் கோவமா இருக்கீங்கன்னு அவங்க சொல்றாங்க. சோறுகூட சரியா சாப்பிட மாட்டேங்கறாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போனபின் அழுகை வந்தது. அவளிடம் வாயால் சொல்லி அனுப்பக்கூடிய விஷயமில்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி, டியூட்டி நேரத்தில் பிரிக்காதே.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். நாளைக்கு உன் பிள்ளை வளர்ந்து இதைப் படித்தால் அதற்கும் விளங்க வேண்டும் அல்லவா? வெள்ளைக்காரர்கள் பாலங்களையும் கம்பிகளையும் உடைத்துப் போட்டுவிட்டு சிங்கப்பூர் பக்கம் ஓடினபோது, கோலாலம்பூர் ஸ்டேஷனில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப்பேர் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஜப்பான்காரர்கள் வந்து ரயிலை ஓட்டத் தொடங்கியதும் போர்டுக்கு ஆள் தேடினார்கள். உன் அப்பா ரயில்வே டெலிபோன் கம்பி வேலைக்காரர். நான் மிஷன் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவள். அது போதும் என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு துளை, துளையில் பிளக்கைச் செருகினால் அந்த ஊர் காதுக்குள் வந்துவிடும். உனக்கு ஏற்கெனவே கிள்ளான் ஸ்டேஷனில் டெலிபோன் கிளார்க் வேலை. ஆக அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் தாய், நடுவில் ரெண்டு செம்புக் கம்பி. ஊரே பிரிந்து கிடந்த காலத்தில் எனக்கு இப்படி ஒரு கொடுப்பினை.

கொடுப்பினை என்றேனே தவிர, ஒரு வார்த்தை சொந்தமாகப் பேசிக்கொள்ள வழியில்லை. என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடி போட்ட ஜப்பான் மேலதிகாரி உட்கார்ந்திருப்பார். லைனில் சிரித்தாள் என்பதற்காகப் பக்கத்து நாற்காலிப் பெண்ணின் கன்னத்தில் அவர் அறைந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். தமிழ் பேசவே கூடாது. நமக்கு இருந்ததெல்லாம் காலையில் லைன் டெஸ்ட் மட்டும்தான். நான் "இச்சி, நி, சான்" என்று ஜப்பான் மொழியில் பத்துவரை எண்ணுவேன், நீ அதையே திருப்பி எண்ணுவாய். அவ்வளவுதான் நம் குடும்பப் பேச்சு. ஆனால் அந்தப் பத்து எண்ணில் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். நாலாவதில் குரல் இறங்கினால் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாய். ஏழாவதில் மூக்கடைத்தால் மழையில் நனைந்திருக்கிறாய். ஒருநாள் எண்களை இழுத்து இழுத்துச் சொன்னாய், காய்ச்சல் என்று தெரிந்துகொண்டேன். கிள்ளான் வண்டியில் போகும் கார்டு அண்ணனிடம் மிளகு ரசம் கொடுத்து அனுப்பினேனே, அது ஆரூடமில்லை.

அந்த நாளில் லைனில் இருந்த பெரிய தொல்லை இரைச்சல். ஜப்பான்காரர்கள் அறுந்த கம்பிகளை அவசர அவசரமாக இழுத்துக் கட்டினார்கள். பங்சாரிலிருந்து போகும் கரண்டு லைன் வெகுதூரம் நம் டெலிபோன் கம்பிக்குப் பக்கத்திலேயே ஓடியது. எந்நேரமும் காதில் "ஙொய்ய்" என்று ஒரு ரீங்காரம். வண்டுக் கூட்டை உடைத்தமாதிரி. அந்த இரைச்சலுக்குள் உன் பத்து எண்கள் மூழ்கி மூழ்கி எழும்பும். காய்ச்சலா, பசியா, ஒன்றும் பிடிபடாது. பிளக்கைச் செருகிவிட்டு நான் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன், அப்படிச் செய்தால் காது திறக்குமாக்கும் என்று. மேலதிகாரிகளும் கத்திக் கத்திப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டார்கள். ஒருநாள் நான் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். "கம்பி வேலைக்காரர்னு பேரு, சொந்தப் பிள்ளை கொரலு தாய் காதுல விழ ஒரு வழி பண்ண முடியல" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நம் குவார்ட்டர்ஸில் ஜன்னல் கதவு ஒன்றை எவனோ விறகுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டான், உனக்கு நினைவிருக்கும். மழை வந்தால் சாரல் நேராகப் பாய்மேல் அடிக்கும். உன் அப்பா அந்த ஜன்னலைக் காட்டிச் சொன்னார். "இந்தா பாரு, சாரல் பக்கம் நீயே படுத்தா நீ தொப்பலா நனைவே, நான் காஞ்சு கெடப்பேன். விடிஞ்சா சண்டை. கம்பியும் அப்படித்தான். கரண்டு லைனோட சாரல் ரெண்டு கம்பி மேலயும் அடிக்குது. கிட்ட இருக்கிறதுக்குக் கூட, தள்ளி இருக்கிறதுக்குக் கொறைச்சல். போனுக்குக் கேக்கறது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் மட்டுந்தான். அந்தச் சண்டைதான் உன் காதுல ஙொய்யுங்குது."

"சரி, சாரலை எப்படி நிறுத்தறது?"

"நிறுத்த முடியாது லா. கொஞ்ச தூரம் இந்தக் கம்பி கிட்டப் போகட்டும். அப்புறம் ஒரு கம்பத்துல எடம் மாத்திக் கட்டுனா அந்தக் கம்பி கிட்டப் போகும். இப்படியே மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டுப் போனா, கடைசில ரெண்டும் ஒரே அளவு நனைஞ்சிருக்கும். வித்தியாசம் இல்லேன்னா போனுக்கு ஒண்ணும் கேக்காது. முன்ன அப்படித்தான் இருந்துச்சு. இவனுங்க அவசரத்துல நேரா இழுத்துட்டானுங்க."

"அப்ப என் பிள்ளை கொரலும் சேந்து அழிஞ்சு போயிடாதா?" என்று கேட்டேன். எனக்கு அதுதானே கவலை.

"பேச்சு ஒரு கம்பில போயி இன்னொண்ணுல திரும்புது. எதிரும் புதிருமா ஓடுறதால அதுக்கு வித்தியாசம் இருந்துக்கிட்டே இருக்கும், அழியாது. வெளியேர்ந்து வர்ற சத்தந்தான் ரெண்டுலயும் ஒரே பக்கமா ஓடி ஒண்ணை ஒண்ணு தின்னுடும்" என்றார். மறுநாள் போர்டுக்குப் பின்னால் வேலையாக வந்தவர், மேலதிகாரி வெளியே போன சமயம் பார்த்து போர்டுக்குக் கம்பிகள் வரும் ஈயக் குழாயின் வாயைக் காட்டினார். உள்ளே காகிதம் சுற்றிய கம்பிகள், ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு. கம்பத்தில் எட்டி எட்டிச் செய்யும் மாற்றத்தை இங்கே விரலுக்கு விரல் நெருக்கமாகச் செய்திருந்தார்கள். ஒரு ஜோடிக்கு நெருக்கமான முறுக்கு, அடுத்ததற்குக் கொஞ்சம் தளர்வு. எல்லாம் ஒரே முறுக்காக இருந்தால் பக்கத்து ஜோடியின் பேச்சு ஒழுகி வந்துவிடுமாம். நான் என் இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் உன் அப்பா இவ்வளவு ஆசையாக எதையும் தொட்டுக் காட்டிப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் கல்யாணம் குதிர்ந்தது. கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்க எல்லோரும் பயந்த காலம். உன் மாமனார் ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நின்றார். உனக்கு டியூட்டியை விட்டு வரமுடியாது. அதனால் கிள்ளான் ஸ்டேஷனை ஒட்டி, டெலிபோன் அறை ஜன்னலுக்கு நேரே இருக்கும் பிள்ளையார் கோயிலிலேயே தாலி கட்டுவது என்று முடிவாயிற்று. எனக்கு லீவு இல்லை. பக்கத்து நாற்காலிப் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள், போர்டுக்கு வேறு ஆளில்லை. காலில் விழாத குறையாகக் கேட்டேன். கண்ணாடிக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பெற்றது ஒரே பிள்ளை. அவன் கல்யாணத்துக்கு நான் இல்லை. அன்றைக்கு ரயில் பாதை ஓரமாக வீட்டுக்கு நடந்து வந்தபோது, தண்டவாளத்தின்மேலேயே கிள்ளான்வரை நடந்துவிடலாமா என்று தோன்றியது. அப்படி ஒரு ஏக்கம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

நீ கார்டு அண்ணனிடம் சொல்லி அனுப்பினாய். "அம்மாகிட்ட சொல்லுங்கண்ணே, வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு முகூர்த்தம். எட்டுக்கு நான் ரிசீவரை எடுத்து ஜன்னல்ல வச்சிடறேன். அவங்க அங்கேர்ந்து கேக்கட்டும்." அதைக் கேட்ட உன் அப்பா மறுநாளே மேலதிகாரியிடம் போய், கிள்ளான் லைன் இரைச்சலை நான் சரிசெய்கிறேன் என்று நின்றார். தொண்டை கட்டிய மேலதிகாரிகளும் உடனே சரி என்றார்கள். ரெண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பங்சாரில் தொடங்கினார். பெட்டாலிங், பத்து தீகா என்று கம்பம் கம்பமாக ஏறி இறங்கி, கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டே போனார். நான் இங்கே காலையும் மாலையும் பிளக்கைச் செருகிப் பார்ப்பேன். இரைச்சல் தேய்ந்துகொண்டே வந்தது. பத்து தீகா தாண்டியதும் திடீரென்று மறுபடி கூடியது. ஒரு கம்பத்தில் மாற்றிக் கட்டியதை அடுத்த கம்பத்திலேயே ஒருவன் மறுபடி மாற்றிவிட்டானாம், கணக்கு பிசகிவிட்டது. உன் அப்பா திரும்பி நடந்துபோய் ரப்பர் தோட்டத்துக்குள் அதைக் கண்டுபிடித்து அவிழ்த்தார். வியாழக்கிழமை சாயங்காலம் பிளக்கைச் செருகினேன். காதில் ஒன்றுமே இல்லை. லைன் செத்துவிட்டது என்று நினைத்துப் பதறினேன். அப்புறம் அந்தப் பக்கம் நீ மூச்சு விடுவது கேட்டது.

வெள்ளிக்கிழமை முந்தானையில் ஒரு சிட்டிகை மஞ்சள் அரிசி முடிந்துகொண்டு போர்டில் உட்கார்ந்தேன். அந்த அரிசிக்கு நான் பட்ட பாடு தனிக்கதை. ஸ்டேஷன் கடிகாரம் எட்டு அடித்தது. விடிந்தும் விடியாத நேரம். ஜப்பான்காரர்கள் வந்த கையோடு நம் கடிகாரங்களை அவர்கள் ஊர் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளிவைத்துவிட்டார்களே, அந்த எட்டு. நாம் ரயில்வேக்காரர்கள், நமக்கு வேறு நேரமே கிடையாது. இவ்வளவு இருட்டோடு ஒரு முகூர்த்தமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. போரும் பயமுமான நாளில் நேரத்தோடு முடிக்கிறார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிளக்கைச் செருகினேன். காவல்காரன் எடுத்தான். எண்ணினான். அவனுக்குப் பின்னால் காக்கை கத்தியது. யாரோ பிளாட்பாரம் பெருக்கும் விளக்குமாற்றுச் சத்தம், ஒரு வாளி தரையில் வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. மேளம் மட்டும் இல்லை. நீ இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாயில்லை, முதுகுக்குப் பின்னால் ஆள். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கும் லோரி கிள்ளானுக்குப் போயிருக்கிறது என்று முந்தின நாள்தான் பேசிக்கொண்டார்கள். என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு கட்டினேன். அப்புறம் நான் எத்தனை பேருக்கு எந்த ஊரை இணைத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கை வேலை செய்தது, அவ்வளவுதான்.

உன் பூசாரி பழைய நேரத்துக்காரர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? "சூரியன் என்ன ஜப்பான் நேரத்துக்கா உதிக்குது?" என்று அவர் உன்னையே விரட்டினாராம், உன் அப்பா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சொன்ன எட்டை நீ அப்படியே சொல்லி அனுப்பினாய். நான் ஸ்டேஷன் எட்டு என்று எடுத்துக்கொண்டேன். உன்மேலும் தப்பில்லை, என்மேலும் தப்பில்லை. ஒரு ஊரில் ரெண்டு எட்டு இருந்தால் யார்தான் என்ன செய்வது.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன் அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஸ்டேஷன் கடிகாரம் ஒன்பதரையைத் தொடும் நேரம், கண்ணாடிக்காரர் கிள்ளான் ஸ்டேஷன் மாஸ்டரை லைனில் கேட்டார், அவரும் ஜப்பான்காரர்தான். இணைத்தேன். நீ ரிசீவரை எடுத்து ஜன்னலில் வைக்க ஆள் அனுப்பியதும், அதற்குள் அவர் உள்ளே வந்து போனைப் பிடித்துக்கொண்டதும், நீ மணவறையில் உட்கார்ந்து அதைப் பார்த்து முகம் செத்துப் போனதும் அங்கே இருந்த உன் அப்பா சொல்லித் தெரியும். பேச்சு முடிந்ததா என்று பார்க்க நான் இடையிடையே காது கொடுக்க வேண்டும், அது என் வேலை. ஆனால் ராணுவப் பேச்சைத் தேவைக்குமேல் கேட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். காது கொடுக்கும் சாவியைத் திருப்பினேன். அந்தப் பக்கத்து மனிதர் "ஹாய், ஹாய்" என்று ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் குரலுக்குப் பின்னால் நாயனம்.

நான் மூச்சை நிறுத்திவிட்டேன், தம்பி. ஒற்றை நாயனம், ஒற்றைத் தவில். யாரோ "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார்கள். உன் மாமனார் குரல் என்று நினைக்கிறேன். தவில் கொட்டி முழங்கியது. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் எரிச்சலோடு எழுந்துபோய் ஜன்னலை அறைந்து சாத்தினார். சத்தம் நூலாய் மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை. சாத்திய ஜன்னலின் இடுக்கில் கசிந்த சத்தம், பத்து தீகா ரப்பர் காடு தாண்டி, பெட்டாலிங் தாண்டி, கரண்டு லைனை உரசிக்கொண்டே வந்து என் காதில் விழுந்தது. ஒரு வாரத்துக்கு முந்தி என்றால் அந்த இரைச்சலில் அது எங்கோ கரைந்து போயிருக்கும். நீ தாலி கட்டியதை நான் கேட்டேன். ஒன்றும் விடாமல் கேட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அரிசியைக் கிள்ளான் துளைமேல் போட்டேன். கண்ணாடிக்காரர் தரையில் சிதறிய மணிகளைப் பார்த்துவிட்டுக் கூட்டச் சொன்னார். "ஹாய்" என்றேன். அழுதுகொண்டே கூட்டினேன். துளைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மணியை மட்டும் எடுக்கவில்லை.

ஜப்பான்காரர்கள் இருந்தவரை இதை உன் அப்பாவைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டது தெரிந்தால் என்னோடு போகாது, உன் வேலையும் உயிரும் போகும். அதற்கிடையில் உன் அப்பாவைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. கொய்னா மாத்திரை ஒன்று கிடைக்காமல் நாம் அலைந்ததை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசி மழைக்காலத்தில் அந்த ஜன்னல் பக்கம் அவரைப் படுக்கவிடாமல் முழுச் சாரலையும் நானே வாங்கிக்கொண்டேன். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. "எடம் மாத்து, எடம் மாத்து" என்று அரை நினைவிலும் சொல்லிக்கொண்டிருந்தார். நீயும் என் சாடைதான், எல்லாவற்றையும் நீயே தலையில் போட்டுக்கொண்டு, அவள் நனையக் கூடாது என்று நிற்பாய். அப்புறம் அதற்கும் சேர்த்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாய். அப்படிச் செய்யாதே. அவளையும் கொஞ்சம் நனையவிடு. அவள் உன்னைவிடத் தைரியசாலி, புதன்கிழமை பார்த்தேனே.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சங்கதி. இந்த வருஷம், ஜப்பான்காரர்கள் போவதற்குமுன், ரயில் யார்டில் வெள்ளைக்காரர்களின் விமானக் குண்டு விழுந்தபோது நான் போர்டில்தான் இருந்தேன். ஒரு கீறல் இல்லை என்று உனக்குச் சொன்னது உண்மை. ஆனால் அன்றைக்குக் காதில் புகுந்த ரீங்காரம் இன்னும் போகவில்லை. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலதில் அந்தப் பழைய "ஙொய்ய்" தான், இரவும் பகலும். முழங்கால் வலி என்று சொல்லிப் போர்டு வேலையை விட்டேன். பொய். போன் எடுத்தால் உன் குரல் அந்த இரைச்சலுக்குள் மூழ்கி மூழ்கி எழும்புகிறது. பசியா, காய்ச்சலா, சந்தோஷமா, ஒன்றும் பிடிபடவில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் "சரி சரி" என்று வைத்துவிடுகிறேன். இந்த இரைச்சலை இடம் மாற்றிக் கட்ட உன் அப்பா இல்லை. டாக்டரைப் பார்த்தேன். இருக்கிற காதும் மெல்ல மெல்லப் போய்விடும் என்றார். நீ டாக்டரைத் திட்டாதே, நல்ல மனுஷன்.

உன் பெண்சாதி என் வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்து பேசினாள், அவள் சொன்னது ஒவ்வொன்றும் கேட்டது. அதிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டேன். கம்பிதான் எனக்கு இனிமேல் ஆகாது. ஆள் பக்கத்தில் இருந்தால் ஆகும். இத்தனை நாள் நீ கூப்பிட்டும், உன் அப்பா இருந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பிள்ளை பிறக்க இன்னும் ரெண்டு மாதம் இருக்கிறது. என் காது அதுவரை தாங்கும் என்று நினைக்கிறேன். உன் கல்யாணத்தைத்தான் சாத்திய ஜன்னல் வழியாகக் கேட்டேன். உன் பிள்ளையின் முதல் அழுகையை அந்த அறையிலேயே நின்று கேட்க வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி வண்டியில் ஏறுகிறேன். எந்த எட்டு என்று குழம்பாதே, இப்போது ஊருக்கெல்லாம் ஒரே எட்டுதான். ஸ்டேஷனுக்கு வா. வந்ததும் என் வலது பக்கமாக நின்று, பத்துவரை எண்ணு.

உன் அம்மா